யாரு மக என்று நான் கேட்கவில்லை

மக்ளே,

செவ்வாய்க்கிழமை போனில் நீ சொன்னாய், ஒரு பெண்ணை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வருகிறேன், அவளைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று. பெயரைச் சொன்னாய். கொச்சியில் நீ இருக்கும் தெருவுக்குப் பக்கத்திலேயே ஒரு லேபில் தண்ணீர் பரிசோதிக்கிற வேலை என்றாய். அத்தோடு நிறுத்திவிட்டாய். நான் அடுத்துக் கேட்கப்போகும் கேள்விக்காகத்தான் காத்திருந்தாய், எனக்குத் தெரியும். "யம்மா, லைன்ல இருக்கியா?" என்றாய். "இருக்கேன். மத்தியானச் சாப்பாட்டுக்கே கூட்டிட்டு வா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் உன் அப்பாவைக் கூப்பிட்டு அம்மாவுக்குக் கோபமா என்று கேட்டிருக்கிறாய். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "எளவு, பயல் பயந்து போயிட்டான். நீ ஒண்ணுமே கேக்கலியாமே?" என்றார். கோபம் இல்லை. அந்தக் கேள்வி நாக்கு நுனிவரை வந்தது, நான் விழுங்கினேன். இருபத்து நான்கு வருஷமாக உன்னை வளர்த்ததில் எத்தனையோ விழுங்கியிருக்கிறேன், இது கொஞ்சம் பெரியது. ஏன் விழுங்கினேன் என்று போனில் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். என்னைப் போல வாய் உள்ளவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.

நம் கடையிலிருந்து தொடங்க வேண்டும். பழவங்காடியில் மாடிப்படி ஏறி வருகிற பத்தடி அறை. வெளியே போர்டில் "லேடீஸ் டெய்லர்" என்று மலையாளத்திலும் தமிழிலும் இருக்கிறது. அது பாதி உண்மை. உனக்குப் பத்து வயதிருக்கும்போது, நம்மிடம் பிளவுஸ் தைக்கக் கொடுக்கும் ஒரு நர்ஸ், தன் வார்டில் இருந்த ஒரு நோயாளியின் பிளவுஸைக் கொண்டுவந்தாள். புற்றுநோய்க்காக ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். "சேச்சி, இதுக்கு வல்லதும் செய்ய முடியுமா?" என்றாள். சிலிக்கானில் செய்து விற்கிறார்கள், ஆனால் நம் ஊர் வியர்வைக்கு அது ஒத்துவரவில்லையாம். நான் காட்டன் துணியில் உருண்டையாகத் தைத்துப் பஞ்சு அடைத்தேன். பஞ்சுக்கு எடை போதாது. எடை இல்லாவிட்டால் ஒரு தோள் இறங்கிவிடும். அதனால் உள்ளே கடுகைப் போட்டேன். ஆனி மாத மழையில் அந்தக் கடுகு முளைத்துவிட்டது. அந்த நோயாளி அதைக் கொண்டுவந்து காட்டி, வந்த நாளிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். அப்புறம் கடுகை விட்டுவிட்டுச் சின்ன பிளாஸ்டிக் மணிகளுக்கு மாறினேன். பிளவுஸின் உட்புறம் ஒரு பை வைத்து, அதற்குள் இது உட்காரும்படி தைக்கக் கற்றுக்கொண்டேன். நானாகக் கற்றதுதான், சொல்லித்தர யாரும் இல்லை.

இதை உன்னிடம் மறைத்தேன். ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து, மேஜையில் இருந்த ஒன்றை எடுத்து, ஊசி குத்தி வைக்கிற பஞ்சு என்று நினைத்து முப்பது குண்டூசியை வரிசையாகக் குத்தி வைத்தாய். அழகாகத்தான் இருந்தது. நான் உன்னை அடித்தேன். ஏன் அடித்தேன் என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையை என் மகனுக்கு முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடிப்பதற்கு மட்டும் கை வந்தது.

நர்ஸ் ஒரு துண்டுச்சீட்டில் என் போன் நம்பரை எழுதிக் கொடுத்து அனுப்புவாள். மாதத்துக்கு இரண்டு பேர் வருவார்கள், சில மாதம் யாரும் இல்லை. இவ்வளவு பேருக்குத்தான் இது தேவைப்படுகிறது போல என்று நினைத்தேன். இந்த முட்டாள்தனத்தை இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஆஸ்பத்திரிக்கு வருகிற பெண்கள் நம் கடைக்குப் பக்கத்தில் கிழக்கேகோட்டையில் பஸ் மாறித்தான் போகிறார்கள். என் மாடிப்படிக்குக் கீழேதான் நடந்து போயிருக்கிறார்கள், ஜாக்கெட்டுக்குள் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு. இப்படி ஒரு பொருள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் போவது எனக்குத் தெரியாது. நடுவில் ஒரு மாடிப்படியும் ஒரு கோழை போர்டும்.

போன வருஷம் நீ வேலை மாறுவதற்கு நடுவே மூன்று மாதம் வீட்டில் இருந்தாயே, அப்போதுதான் இதைக் கண்டுபிடித்தாய். கடைக்கு ஒரு ஏஐ உதவியாளரை வைக்கிறேன் என்றாய். நான் சிரித்தேன். "பத்தடிக் கடைக்கு அது என்னத்துக்கு டே? சாலை பஜார்ல பெரிய கடைக்காரன்கூட வைக்கல." நீ சொன்னாய், "பெரிய கடைய யாரும் தேட வேண்டாம், யம்மா. நம்ம மாதிரி கடையத்தான் ஆளுக்குத் தேடத் தெரியாது." அப்புறம் நான்கு ஞாயிற்றுக்கிழமை என்னை எதிரே உட்காரவைத்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்டாய். வந்த பெண்கள் முதன்முதலில் வாயைத் திறந்து சொன்ன வாக்கியம் என்ன? நான் யோசித்து யோசித்துச் சொன்னேன். முந்தானை ஒரு பக்கம் நிக்கவே மாட்டேங்கு. ஒரு தோள் மட்டும் எறங்கிப் போச்சு. பஸ்ஸில கம்பியப் பிடிச்சா எல்லாரும் பாக்காங்க. கைக்குட்டை மடிச்சு வச்சேன், ஆபீஸ்ல கீழ விழுந்துட்டு. ஒருத்திகூட மார்பு என்ற சொல்லைச் சொன்னதில்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அதை உனக்கு விளக்க, நான் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியிருந்தது. நீ தலையை நிமிர்த்தாமல் டைப் செய்துகொண்டிருந்தாய். காது மட்டும் சிவந்திருந்தது. அன்றைக்குத்தான், குண்டூசிக்கு ஏன் அடி விழுந்தது என்று உனக்கும் தெரிந்தது.

நீ செய்ததைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. முந்தானை நிற்கவில்லையே என்று ஒருத்தி போனில் தேடினால், அந்தச் சொற்கள் அவளை நம் கடையின் இணையப் பக்கத்துக்குக் கொண்டுவரும். அங்கே அந்த உதவியாளர் காத்திருக்கும். அவள் தமிழும் மலையாளமும் கலந்து அடித்தால் அதுவும் அப்படியே கலந்து பதில் சொல்லும். ஆபரேஷன் முடிந்து எவ்வளவு நாள், புண் ஆறிவிட்டதா, டாக்டர் சரி என்று சொன்னாரா என்று கேட்கும். ஆறாத புண்ணுக்கு நம் பொருள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பும். நமக்கு உதவாத ஆளாக இருந்தால் வேறு எங்கே போகலாம் என்று சொல்லும். முதலில் எல்லோரிடமும் "வருந்துகிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. "அது எதுக்கு வருந்துகு? அவளுக்கு வேணும்னா அவ வருந்திக்கிடுவா" என்று நான் சண்டை போட்டு அதை எடுக்க வைத்தேன். அது ஒன்றுதான் நான் அதற்குக் கற்றுக்கொடுத்தது. மற்றதெல்லாம் நான்தான் அதனிடம் கற்றுக்கொண்டேன், கொஞ்சம் வெட்கத்தோடு.

விழிஞ்ஞத்திலிருந்து மீன் விற்கிற அந்தச் சேச்சி வந்தது நினைவிருக்கிறதா? படியேறும்போதே சத்தம். "மெஷீன் பறஞ்ஞ சேச்சி நிங்ஙளாணோ?" மெஷீன் சொன்ன அக்கா நான்தான் என்றதும், உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, "நல்ல மரியாதையுள்ள பெண்ணு, கேட்டோ" என்றாள். அது பெண் இல்லை, ஆளே இல்லை என்று நீ சொன்னாய். "ஆளல்லெங்கில் பின்னே எந்தா? கெட்டியோனோடு பறயாத்தது ஒக்கெ ஞான் அதினோடு பறஞ்ஞு" என்று சிரித்தாள். ஆள் இல்லையென்றால் வேறென்னவாம்; கட்டியவனிடம் சொல்லாததையெல்லாம் அதனிடம் சொல்லியிருக்கிறாள். தலையில் கூடை தூக்குகிறவள் என்பதை அது முன்பே கேட்டு வைத்திருந்ததால், தோள்பட்டையை அகலமாக வைத்துத் தைக்க முடிந்தது. பதின்மூன்று வருஷத்தில் வாடிக்கைக்காரி ஒருத்தியிடம் நான் அப்படிக் கேட்டதே இல்லை.

நான் கேட்டது வேறு. அதற்குத்தான் வருகிறேன்.

உதவியாளரிடம் பேசி முடித்த பெண்கள் சரி என்று சொன்னால், நான் போனில் கூப்பிடுவேன் என்று ஏற்பாடு. ஒரு மாதம் ஆனபின் நீ ஒரு விஷயத்தைக் கவனித்தாய். அதனிடம் பத்து நாள்கூடப் பேசியவர்கள், என்னோடு ஒரு தடவை பேசியதும் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள். "நீ என்ன பேசுகேன்னு ஒரு தடவை நான் பக்கத்துல உக்காந்து கேக்கட்டா?" என்றாய். கேள், எனக்கென்ன என்றேன். அன்றைக்குக் கூப்பிட வேண்டியது தக்கலைப் பக்கத்துப் பெண். தக்கலை என்று வைத்துக்கொள். ஊரை மாற்றித்தான் எழுதுகிறேன். முப்பத்து மூன்று வயது, ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒன்றரை வருஷமாக எந்த விசேஷத்துக்கும் போகாதவள். அவள் தங்கைக்கு அடுத்த மாதம் கல்யாணம், அதற்கு ஒரு பிளவுஸ் வேண்டும். அவ்வளவுதான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

அவள் குரல் கேட்டதும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நம் பேச்சு. ஆஸ்பத்திரி மலையாளத்துக்கு நடுவே நான் பிறந்து வளர்ந்த பக்கத்துப் பேச்சு. "எந்த ஊரு மக்ளே?" என்றேன். சொன்னாள். "அங்க எந்தத் தெரு?" சொன்னாள், கொஞ்சம் மெல்ல. "யாரு மக?" பதில் இல்லை. நான் விட்டேனா? "கோயிலுக்குப் பின்னால அரிசிக்கடை வச்சிருக்காவளே, அவ்வோ வீடா? எங்க சித்திக்க மருமவ அந்தத் தெருதான், கேட்டியா. தெரியாம இருக்காது." போன் வைக்கப்பட்டுவிட்டது. "கட்டாயிட்டு, சிக்னல் இல்ல போல" என்றேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். "சிக்னல் இல்லாம இல்ல, யம்மா. அவளுக்கு மார் அளவு கேக்கதுக்கு முன்னால அப்பன் பேரு கேட்ட."

நான் கத்தினேன். மரியாதைக்குக் கேட்கிறேன், நம் ஆட்கள் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள், உனக்கு மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து நம் பழக்கமே தெரியாமல் போயிற்று என்றெல்லாம் சொன்னேன். மறுநாள் காலையில் அவள் உதவியாளருக்கு எழுதியிருந்தாள். என்னிடம் காட்டச் சொல்லியே எழுதியது அது. "அந்த அம்மாகிட்ட சொல்லு. என்னைப் பத்தி யார்கிட்டயும் விசாரிக்க வேண்டாம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா எங்க குடும்பத்துல இந்த வியாதி இருக்குன்னு தங்கச்சி கல்யாணத்தை நிறுத்திருவாங்க. எனக்கு பிளவுஸ் வேண்டாம்." அது அவளுக்குப் பதில் போட்டிருந்தது. சொன்னதை அப்படியே சேர்த்துவிட்டேன், உங்கள் நம்பரையும் கடையில் அழிக்கச் சொல்லிவிட்டேன், யாரும் கூப்பிட மாட்டார்கள், நீங்கள் விரும்பினால் மட்டும் மறுபடி பேசலாம் என்று.

மக்ளே, யாரு மக என்று நாம் எதற்குக் கேட்கிறோம் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சாதி தெரிய வேண்டும். எங்கே உட்கார வைப்பது, நீ என்பதா நீங்கள் என்பதா, எந்தத் தட்டில் கொடுப்பது என்று தெரிய வேண்டும். அதை நேராகக் கேட்க வெட்கம், அதனால் அப்பன் பேரைக் கேட்கிறோம். அதற்கு மரியாதை என்று பெயரும் வைத்திருக்கிறோம். நோயில் ஒரு பெண் பாதியாகி வந்து நிற்கிறாள், அவளுடைய பூர்வீகத்தைத் துருவுகிறோம். நான் கல்யாணமாகி வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. தையல் கற்றுக்கொள்ளப் போன இடத்திலெல்லாம் முதலில் யாரு மக என்றுதான் கேட்டார்கள். ஒரு வீட்டில் பதிலைக் கேட்டபின் மிஷினைத் தொடவே விடவில்லை. அன்றைக்கு எனக்கு எவ்வளவு எரிந்தது! அதே எரிச்சலை எடுத்து நான் இன்னொருத்தி மேல் வைத்திருக்கிறேன், அன்பாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு. உன் மெஷீனுக்கு அப்பனும் இல்லை, ஊரும் இல்லை. அதனால் அதற்குக் கேட்கத் தோன்றவில்லை என்று நான் முணுமுணுத்தேன். அப்படியே இருக்கட்டுமே. கேட்காமல் இருந்ததல்லவா, அது போதும்.

அன்றைக்குச் சாயங்காலம் உன்னிடம் சொன்னேன், "ரெண்டே ரெண்டு போன் போட்டா அவ வீட்ட நான் கண்டுபிடிச்சிருவேன்." உண்மைதான். தெரு வரை தெரிந்துவிட்டது, சித்தியைக் கேட்டால் போதும். நீ கேட்டாய், "கண்டுபிடிச்சு?" "நேர்ல போயி மன்னிப்புக் கேப்பேன். பிளவுஸைத் தச்சுக் கையில குடுத்துட்டு வருவேன்." "உன் மனசு ஆறிரும். அவ வாசல்ல நீ நிக்கத எதிர்வீட்டுக்காரி பாத்தா, அவளுக்கு?" நான் போகவில்லை. சித்தியின் நம்பரைத் திறந்து வைத்துக்கொண்டு எத்தனை தடவை உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? ஒரு தடவை கூப்பிட்டே விட்டேன். சித்தி எடுத்தாள். அவளுடைய முழங்கால் வலி, நம் மாமரம், சீரியல் எல்லாம் பேசினோம். அந்தத் தெருவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் வைத்தேன். இதை உன்னிடம் இன்றுவரை சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் தைத்த எதையும்விட அந்தப் போனை ஒன்றும் கேட்காமல் வைத்ததுதான் கஷ்டமான வேலை.

எட்டு நாள் கழித்து அவள் திரும்பி வந்தாள். என்னிடம் இல்லை, அதனிடம். பார்க்காமல், பேசாமல், பெயர் சொல்லாமல் தைக்க முடியுமா என்று கேட்டிருந்தாள். அது முடியும் என்று தானாகச் சொல்லவில்லை. தைக்கிறவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றது. இந்த ஒரு காரணத்துக்கே அதை எனக்குப் பிடிக்கும். நான் முதலில் முடியாது என்றேன். உடம்பைப் பார்க்காமல் எப்படித் தைப்பது? அப்புறம் எனக்கே தோன்றியது. நூலால் அளக்கச் சொல், ஒவ்வோர் அளவுக்கும் ஒரு நூல், அந்த நீளத்துக்கு வெட்டி ஒரு நுனியில் முடிச்சுப் போடச் சொல் என்றேன். எங்கிருந்து எங்கே அளப்பது என்று நான் சொன்னதை, அவளுக்குக் கண்ணாடி முன்னால் தனியாக நின்று செய்ய வருகிற மாதிரி அது ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தது. ஆபரேஷனுக்கு முன்னால் போட்ட ஒரு பழைய பிளவுஸ், பட்டுத்துணி, ஆறு நூல். எல்லாம் ஒரு பொட்டலமாக, அனுப்புகிறவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூவின் பெயரோடு வந்தது. தைத்ததை நாகர்கோவில் தபால் ஆபீசில் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

அதற்கிடையில் அது அவளிடம் ஒரு கேள்வி கேட்டது. நீயும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானும் சொல்லவில்லை. கல்யாணத்தன்று நீங்கள் என்னென்ன வேலை செய்வீர்கள் என்று கேட்டது. அவள் வரிசையாக எழுதியிருந்தாள். தாம்பாளம் தூக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து தங்கைக்குப் பூ வைக்க வேண்டும். குனிந்து குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். குனியத்தான் பயமாக இருக்கிறது, முன்பு ஒரு தடவை பள்ளிக்கூடத்தில் குனிந்தபோது துணிச்சுருள் வெளியே வந்துவிட்டது, பிள்ளைகள் பார்த்தார்கள் என்று எழுதியிருந்தாள். ஒன்றரை வருஷம் அவள் வீட்டுக்குள் இருந்ததற்கு அதுதான் காரணம். நான் படித்துவிட்டு எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். பையின் வாயை மேல்பக்கம் வைக்காமல் கை இடுக்குப் பக்கம் வைத்தேன், உள்ளே இரண்டு கொக்கி கூடுதலாக. மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். என் உடம்பிலேயே கட்டிப் பார்த்து, கடையைச் சாத்திக்கொண்டு, பத்து தடவை குனிந்து நிமிர்ந்தேன். உன் அப்பா கதவைத் தட்டி, "உள்ள என்ன, எக்ஸர்சைஸா?" என்று கேட்டது அன்றைக்குத்தான்.

கல்யாணத்துக்கு மறுநாள் உதவியாளர் வழியாக எனக்கு ஒரு செய்தி வந்தது. இரண்டே வாக்கியம். "குனிஞ்சேன். ஒண்ணும் ஆகல."

இதை எழுதலாமா என்று அதே வழியில் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஊரும் நாளும் மாற்றினால் சரி என்றாள். அவள் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. யாரு மக என்று தெரியாது. ஆறு நூலையும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். உன்னைப் பற்றி நான் நேரில் புகழ்ந்து சொன்னதில்லை, பிள்ளைகளைப் புகழ்ந்தால் கண்பட்டுவிடும் என்று வளர்ந்தவள். இப்போது சொல்கிறேன். என் மாடிப்படிக்குக் கீழே போனவர்களை என்னிடம் கொண்டுவந்தாய். அதைவிடப் பெரியது, வந்தவர்களை நான் விரட்டாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தாய். போர்டை மட்டும் இன்னும் மாற்றவில்லை. பெயின்டரைக் கூப்பிட்டேன், என்ன எழுத வேண்டும் என்றான், சொல்ல வாய் வராமல் அனுப்பிவிட்டேன். நான் முழுக்கத் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே.

நேற்றுச் சித்தி கூப்பிட்டாள். உன் அப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "பெண்ணு எந்த ஊரு? யாரு மக?" என்றாள். தெரியாது என்றேன். "தெரியாதா? கேக்கலியா?" "கேக்கல." "உனக்கென்ன பிராந்தா, கிறுக்கா பிள்ளே? நாளைக்கு எந்தச் சாதின்னு தெரியாம..." "சித்தி, அவ தண்ணி டெஸ்ட் பண்ணுகா. அது தெரியும்" என்று வைத்துவிட்டேன். உன் அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். என் நாக்கைத்தான் என்னாலேயே நம்ப முடியாது, நாற்பத்து நான்கு வருஷப் பழக்கம். சாப்பிடும்போது அது அந்தப் பக்கம் போவது தெரிந்தால், மேஜைக்கு அடியில் என் காலை ஓங்கி மிதி.

அவளிடம் கேட்க ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். நம் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து, நன்றாகக் கழுவிய பாட்டில்தான், மூடி வைத்திருக்கிறேன். இது குடிக்க நல்ல தண்ணீரா என்று அவள் சொல்லட்டும்.

அம்மா